சுக்கான் 28 டிகிரியில் முட்டியது ஏன்? ஒரு மாதிரி நீர்மூழ்கியின் வால் பகுதி: நிகழ்வு ஆய்வு

தொட்டியில் இறக்கிய முதல் நாளே சர்வோ, அதாவது சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார், முனக ஆரம்பித்தது. ரேடியோவில் குச்சியை ஓரத்துக்குத் தள்ளினால் சுக்கான் பாதிக்கு மேல் போய், எதிலோ இடித்தாற்போல் நிற்கும். உடலுக்குள்ளிருந்து காதருகே கொசு வந்தது போல ஒரு ரீங்காரம். குச்சியை விட்டால் அடங்கிவிடும். படகு திரும்பத்தான் செய்தது. ஆனால் தொட்டியின் அகலம் போதாத அளவுக்குப் பெரிய வட்டம்.

அடுத்த வாரம் இன்னொரு புகார் சேர்ந்தது. மேலும் கீழும் இயக்கும் கிடைச் சுக்கான், மேசையில் வெண்ணெய் போல அசைந்தது, தண்ணீரில் இறுகிக்கொண்டது. அதற்கும் அடுத்த வாரம் மூன்றாவது: ஒரே ஆழத்தில் நேராக ஓடச் சொன்னால் படகு டால்பின் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது.

மூன்றும் வால் பகுதியிலிருந்து வந்தவை என்பதால் மூன்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பில் மூன்று வாரம் போயிற்று. மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒரே 22 மில்லிமீட்டர் குழிக்குள் குடியிருந்தன, அவ்வளவுதான்.

படகும் அதன் வாலும்

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கடற்படையின் ஸ்கிப்ஜாக் வகை. முதல் படகு 1959-ல் பணியில் சேர்ந்தது. அசலின் நீளம் சுமார் 77 மீட்டர். 96-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் 80 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் விட்டமும் வரும். கையில் தூக்க ஏற்ற அளவு. நடுவே நீர்புகா உருளை ஒன்று. பேட்டரி, மோட்டார், சர்வோ எல்லாம் அதற்குள். உருளையைச் சுற்றியுள்ள ஃபைபர் உடலுக்குள் தண்ணீர் தாராளமாகப் புகும். ஆகவே வால் கூம்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் நனைந்தபடியே வேலை செய்தாக வேண்டும்.

இந்த வாலின் தொல்லை அசல் கப்பலிலிருந்தே வருகிறது. கண்ணீர்த்துளி வடிவ உடலை முதலில் சோதித்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை நீர்மூழ்கி ஆல்பகோர், 1953-ல் பணிக்கு வந்தபோது அதன் ப்ரொப்பல்லரைச் சுற்றிச் சுக்கான்கள் இருந்தன. 1955 கடைசியில் துறைக்குப் போய் 1956 மார்ச்சில் வெளியே வந்தபோது ப்ரொப்பல்லர் எல்லாவற்றுக்கும் பின்னால், வாலின் நுனிக்குப் போயிருந்தது. தண்ணீர் தடையின்றி அதை அடைய அது நல்ல ஏற்பாடு. ஸ்கிப்ஜாக்கும் அதையே பின்பற்றியது. ஆனால் ப்ரொப்பல்லர் நுனிக்குப் போன கணத்திலேயே அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், சுக்கான்களின் அச்சை ஊடறுத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. மேல் சுக்கானும் கீழ்ச் சுக்கானும் ஒரே கம்பியில் நிற்க முடியாது, நடுவே ஷாஃப்ட் போகிறது. இடது, வலது கிடைச் சுக்கான்களுக்கும் அதே கதிதான்.

இதற்கு எல்லோரும் செய்யும் வழி, இரண்டு பாதிகளையும் ஒரு வளைவால் இணைத்து, அந்த வளைவு ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு போகும்படி வைப்பது. யோக் என்பார்கள், நுகம் என்று பொருள். பார்வைக்கு அது குதிரை லாடம். நான் லாடம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

முதல் கட்டுமானம்

ஷாஃப்ட் 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைச் சுற்றி 6 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாய், இரு முனைகளிலும் ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல வளையம், அதாவது புஷ். சுக்கான் அச்சு இருக்கும் இடத்தில் கூம்பின் உள்விட்டம் 22 மி.மீ. லாடத்தை 6 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள பித்தளைப் பட்டையை வளைத்துச் செய்தேன். உள் ஆரம் 5 மி.மீ. சுக்கான் தண்டுகள் 3 மி.மீ. பித்தளைக் கம்பி, லாடத்தின் இரு முனையிலும் சாதாரண ஈயப் பற்றாசு. சர்வோவிலிருந்து வரும் தள்ளுகம்பி கீழ்த்தண்டில் வளையம் போட்டு மாட்டிய ஒரு கொம்பில், அதாவது தண்டைத் திருப்பும் சிறு கையில், சேர்ந்தது. கிடைச் சுக்கானுக்கும் அதே போல இன்னொரு லாடம், 14 மி.மீ. முன்னால். தண்டுகள் கூம்பைத் துளைக்கும் இடங்களில் நைலான் புஷ் அழுத்திச் செருகினேன்.

படத்தில் பார்த்தால் எல்லாம் பிரமாதம். குழாயின் ஆரம் 3, லாடத்தின் உள் ஆரம் 5, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சர்வோவை மாற்றியது

ரீங்காரம் கேட்டதும் சர்வோவுக்குப் பலம் போதவில்லை என்று முடிவுகட்டினேன். 1.8 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குள்ள சின்ன சர்வோவைக் கழற்றிவிட்டு 3 கிலோ-சென்டிமீட்டர் உலோகப் பல்சக்கர சர்வோவைப் போட்டேன். ரீங்காரம் குறைந்தது. அன்றைக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பின்னாலிருந்து பார்த்தால் மேல் சுக்கான் ஒரு பக்கம், கீழ்ச் சுக்கான் இன்னொரு பக்கம். 4 டிகிரி வித்தியாசம்.

அப்போதுதான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

சுக்கானின் இரு பாதிகளும் சேர்ந்து 28 சதுர சென்டிமீட்டர். படகு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் நன்றாக ஒடித்த சுக்கான் மீது தண்ணீர் தரும் விசை சுமார் 1.4 நியூட்டன். அந்த விசை அச்சுக்கு 8 மி.மீ. பின்னால் தாக்குகிறது என்று வைத்தாலும் முறுக்கு 0.11 கிலோ-சென்டிமீட்டர்தான். நான் குறை சொன்ன சின்ன சர்வோவின் பலத்தில் பதினாறில் ஒரு பங்கு. தண்ணீருக்கு அந்த சர்வோவை நிறுத்தும் சக்தியே கிடையாது. அதை நிறுத்தியது நான் செய்த ஏதோ ஒரு பாகம்.

பெரிய சர்வோ என்ன செய்தது என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது. லாடம் எதிலோ முட்டி நிற்கிறது. முட்டும் இடம் அச்சிலிருந்து சுமார் 6 மி.மீ. தூரத்தில். 3 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு அங்கே 5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். கொம்பு கீழ்த்தண்டில் இருந்ததால் அந்தச் சுமை முழுவதும் கீழ்ப் பற்றாசு வழியாகத்தான் லாடத்துக்குப் போயாக வேண்டும். மென்மையான ஈயப் பற்றாசு மெல்ல வழுக்கிக் கொடுத்தது. மேல்பாதி தன் பாட்டுக்கு நின்றது.

எங்கே முட்டுகிறது

கூம்பைக் கழற்றி, குழாய் மீது மார்க்கர் மையைப் பூசிக் காயவிட்டு, கையால் சுக்கானை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். குழாயின் பக்கவாட்டில் நகக்கீறல் போல இரண்டு கோடுகள். லாடத்தின் நடுப்பகுதி தொடவே இல்லை; அதன் பட்டையான விளிம்புதான் தொட்டிருக்கிறது. கோணமானியை வைத்தால் இரு பக்கமும் 28 டிகிரி, அரை டிகிரி முன்னே பின்னே. நான் வேண்டியது 35.

லேத் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, சுக்கான் நேரா நிக்கும்போது படம் போட்டிருக்கீங்க. ஒடிச்சு வெச்சுப் போட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

“இல்லண்ணே.”

“போட்டுப் பாருங்க.”

போட்டேன். லாடத்தை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் பக்கவாட்டில், 5 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது; அதுதான் பட்டையின் உள்பக்கம். சுக்கான் நேராக இருக்கும்போது சுவர் ஷாஃப்டுக்கு இணை. சுக்கான் ஒடிய ஒடியச் சுவர் சாய்கிறது. அதன் ஒரு மூலை ஷாஃப்டை நோக்கி வருகிறது. அந்த மூலை ஷாஃப்டின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றால், உள் ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து பட்டையின் பாதி அகலத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கிக் கழிக்க வேண்டும். 35 டிகிரியில் 5-க்கு 4.1 வருகிறது, பாதி அகலமான 3-க்கு 1.7. மிச்சம் 2.4. குழாயின் ஆரமோ 3. உள்ளே நுழைய இடமே இல்லை. இந்தத் தூரம் சரியாக 3 ஆகும் கோணத்தைத் தேடினால் 28 டிகிரி வந்து நின்றது. மார்க்கர் மை சொன்னதும் அதே எண்.

கணக்கும் கீறலும் இப்படி ஒத்துப்போனபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மூன்று வாரத்தில் முதன்முறையாக ஒரு விஷயம் தெரிந்துவிட்டது.

என்ன வழிகள் இருந்தன

பட்டையின் அகலத்தைப் பாதியாக்கினால் 35 டிகிரியில் 0.2 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பெயருக்கு மட்டும்தான் இடைவெளி. ஒரு மணல் துகள் போதும் அதை அடைக்க. குழாயை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு வெறும் ஷாஃப்டை மட்டும் விடலாம். அப்போது ஆரம் 2 ஆகிவிடும். இதைச் செய்பவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் குழாயை இரண்டு துண்டாக்கினால் பின்புஷ்ஷை முன்புஷ்ஷுக்கு நேராக நிறுத்துவது தனித் தலைவலி. ஒரே குழாய் அந்தக் கவலையைத் தானே தீர்த்துவிடுகிறது. நான்கு சுக்கானுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து லாடத்தையே ஒழிப்பது மூன்றாவது வழி. ஆல்பகோர் 1960-61-ல் எக்ஸ் வடிவ வாலுக்கு மாறியது போல நானும் மாறியிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஸ்கிப்ஜாக்கின் வால் சிலுவை வடிவம்; எக்ஸ் வால் வைத்தால் அது ஸ்கிப்ஜாக் இல்லை.

எஞ்சியது லாடத்தைப் பெரிதாக்குவது. முதலில் 5 மி.மீ. ஆரம் வைத்ததே கூம்பின் சுவரில் இடித்துவிடுமோ என்ற பயத்தால்தான். அளந்து பார்த்தால் பயத்துக்குக் காரணமில்லை. உள் ஆரம் 6.5, தடிமன் 2.5, அகலம் 4. முழு ஒடிப்பில் குழாய்க்கும் மூலைக்கும் நடுவே 1.2 மி.மீ.; லாடத்தின் வெளி மூலைக்கும் கூம்பின் சுவருக்கும் நடுவே 1.8 மி.மீ. இரண்டு லாடங்களும் ஒன்றையொன்று உரசுமா என்பதையும் இந்த முறை பார்த்துக்கொண்டேன். சுக்கான் லாடம் 35 டிகிரியில் முன்னோக்கி 6.8 மி.மீ. வருகிறது, கிடைச் சுக்கான் லாடம் 25 டிகிரியில் பின்னோக்கி 5.6 மி.மீ. வருகிறது. கூட்டினால் 12.4, அச்சுகளின் இடைவெளி 14. போதும்.

லாடத்தைச் செய்த விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் லாடத்தின் இன்னொரு குற்றம் அதைச் செய்த முறையிலேயே இருந்தது. இரண்டு தண்டுகளையும் தனித்தனியே பற்றவைத்தால் அவை ஒரே நேர்கோட்டில் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத அரை டிகிரி கோணல் போதும், சுக்கான் ஒரு இடத்தில் இலேசாகவும் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் திரும்பும். போதாக்குறைக்கு, தண்டுகள் லாடத்தோடு நிரந்தரமாக ஒட்டியிருந்ததால் அதை உள்ளே நுழைக்கக் கூம்பை நீளவாக்கில் அறுத்து, பிறகு பூசி மூட வேண்டியிருந்தது. கழற்ற வேண்டுமானால் மறுபடி அறுக்க வேண்டும். முதல் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது இதுதான்.

சிறிய நீராவி எஞ்சின் செய்பவர்கள் கிராங்க் ஷாஃப்டைத் துண்டு துண்டாக அடுக்கிச் செய்வார்கள். ஒரே நேரான கம்பியில் எல்லாத் துண்டுகளையும் கோத்து, பற்றவைத்து முடித்த பிறகே நடுவில் வேண்டாத கம்பியை அறுத்து எடுப்பார்கள். நேர்கோடு தானாகவே காப்பாற்றப்படும். அதே யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

பட்டையை வளைத்த பிறகு அதன் இரு முனையிலும் துளையிட்டு, 6 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நீளமும் உள்ள சிறு பித்தளைக் குமிழ்களைச் செருகினேன். குமிழ்களின் நடுத்துளை 2.9 மி.மீ. இரண்டு குமிழ்களின் வழியாகவும் ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பியை விட்டேன். கம்பியின் மேல் பென்சில் கரியை அழுத்தித் தேய்த்திருந்தேன். கரி இருக்கும் இடத்தில் பற்றாசு ஒட்டாது. பிறகு வெள்ளிப் பற்றாசு. அது உருக 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வேண்டும்; பித்தளை உருகுவது 900-க்கு மேல். நடுவே உள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றும், ஆனால் சின்னத் துண்டில் சுடரை ஐந்து விநாடி அதிகம் வைத்தால் அது கரைந்துவிடும். மங்கிய சிவப்பு வந்ததும் பற்றாசுக் கம்பியை இணைப்பில் தொட்டேன். வெள்ளிக் கோடு ஒன்று குமிழைச் சுற்றி ஓடிப் படர்ந்தது, சுடரை எடுத்துவிட்டேன். ஆறிய பிறகு கம்பியைத் திருகி உருவினால் வந்துவிட்டது. கடைசியாகத் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் 3 மி.மீ. ரீமரை மேல் குமிழில் நுழைத்து, எடுக்காமல் கீழ்க் குமிழ் வரை ஒரே ஓட்டமாக விட்டேன். இரண்டு துளைகளும் ஒரே கோட்டில்.

வெள்ளிப் பற்றாசு வைத்தால் பித்தளை பதம் இழந்து மென்மையாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தடிமனை 2-லிருந்து 2.5 ஆக்கியது அதற்காகவும்தான்.

சுக்கான் தண்டுகள் இப்போது தனி. வெளியிலிருந்து குமிழுக்குள் நுழையும்; ஒவ்வொன்றையும் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சிறு திருகாணி, பிடிக்கும். தண்டில் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கியிருக்கிறேன். உருண்டைத் தண்டில் கிரப் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு நாள் வழுக்கும்.

தனிக் கொம்பையும் எடுத்துவிட்டேன். லாடத்தின் வளைவு சரியாகப் பக்கவாட்டில்தான் நிற்கிறது. கொம்பு நிற்க வேண்டிய இடமும் அதுவே. வளைவின் மீது ஒரு சிறு காது வைத்து, அச்சிலிருந்து 8 மி.மீ. தூரத்தில் துளையிட்டுத் தள்ளுகம்பியை மாட்டினேன். இப்போது விசை நடுவில் வந்து மேலும் கீழும் சமமாகப் பிரிகிறது. பழைய சின்ன சர்வோவே திரும்ப வந்தது. 35 டிகிரி, சத்தமில்லாமல்.

நைலான் செய்த வேலை

இரண்டாவது புகாருக்குக் காரணம் லாடம் இல்லை என்பது இந்த மாற்றத்துக்குப் பிறகும் கிடைச் சுக்கான் இறுகியதில் தெரிந்தது. விசித்திரம் என்னவென்றால், வீட்டில் காயவைத்து எடுத்தால் சரியாகிவிடும். முதல் நாள் ஓட்டத்திலும் சரியாக இருக்கும். ஈரத்தோடு மூடிவைத்து நாலைந்து நாள் கழித்து எடுத்தால்தான் இறுக்கம். துரு என்று நினைத்துத் தண்டை எமரி தாளால் தேய்த்தேன். பித்தளை எங்கே துருப்பிடிக்கப் போகிறது?

நைலான் தண்ணீரைக் குடிக்கும். வகையைப் பொறுத்துத் தன் எடையில் 8, 9 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கேற்றாற்போல் வீங்கும். புஷ்ஷின் வெளிப்பக்கம் கூம்பில் இறுக்கமாகச் செருகப்பட்டிருப்பதால் அந்தப் பக்கம் வீங்க வழியில்லை. வீக்கம் முழுக்க உள்துளையை நெருக்கும். உறிஞ்சுவதும் மெதுவாகத்தான் நடக்கும், நாள்கணக்கில். அதனால்தான் முதல் நாள் ஓட்டத்தில் பிடிபடவில்லை. உறுதிசெய்துகொள்ள ஒரு உதிரி புஷ்ஷை நாலு நாள் டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தேன். கூம்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டில் அழுத்திச் செருகித்தான் போட்டேன். போடும்போது வழுக்கி ஓடிய 3 மி.மீ. கம்பி, எடுத்த பிறகு விரலால் தள்ளித்தான் போனது.

பதிலுக்கு அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் புஷ். அது உறிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. கடைந்தெடுக்கவும் நைலானைவிடச் சுத்தமாக வரும். பழைய கப்பல்களில் ஷாஃப்ட் தாங்கிகளுக்கு லிக்னம் வைட்டே என்ற எண்ணெய்ப் பசையுள்ள கடின மரத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரு துண்டு கிடைத்தால் செய்து பார்க்க ஆசை. இதுவரை கிடைக்கவில்லை.

டால்பின் ஓட்டம்

மூன்றாவது புகாருக்கு நான் முதலில் குறை சொன்னது மட்டம் பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் பலகையை. அதன் உணர்திறனைக் கூட்டினேன், குறைத்தேன். ஏற்ற இறக்கத்தின் நீளம்தான் மாறியது. கிடைச் சுக்கானின் பின்விளிம்பை விரலால் பிடித்து அசைத்தபோது விஷயம் தெரிந்தது: சர்வோ அசையாமலே விளிம்பு 1.5 மி.மீ. ஆடியது. அச்சிலிருந்து விளிம்பு 25 மி.மீ. தூரம், ஆக மூன்றரை டிகிரி லூஸ் ஆட்டம். அந்த மூன்றரை டிகிரிக்குள் பலகை என்ன உத்தரவு போட்டாலும் சுக்கான் கேட்காது. மூக்கு கொஞ்சம் இறங்கும், பலகை திருத்தும், சுக்கான் ஆட்டத்தைத் தாண்டி வருவதற்குள் மூக்கு இன்னும் இறங்கியிருக்கும். பிறகு ஒரேயடியாகத் திருத்தல் அதிகமாகும்.

ஆட்டம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. தள்ளுகம்பியின் கொக்கியும் அது நுழையும் துளையும் 0.2 மி.மீ. பொருந்தவில்லை என்றால் 8 மி.மீ. கொம்பில் அதுவே ஒன்றரை டிகிரிக்குப் பக்கம். துளையை அடைத்துக் கம்பியின் அளவுக்கே மறுபடி போட்டேன். மிச்சம் கம்பியின் வளைவில் இருந்தது. 1.2 மி.மீ. கம்பி 15 சென்டிமீட்டர் தூரம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஓடியது. இழுக்கும்போது நேராகவும் தள்ளும்போது வில்லாகவும் ஆகும். 2 மி.மீ. கம்பிக்கு மாறி நடுவில் ஒரு வழிகாட்டி வளையம் வைத்தேன். உருளையைக் கழற்ற வசதியாகக் கம்பியை இரண்டாக்கி, சேரும் இடத்தில் நியோடிமியம் காந்தங்கள் வைத்திருக்கிறேன். காந்தம் காந்தத்தோடு ஒட்டும்போது ஆட்டம் என்பதே இல்லை, திருகாணி இணைப்பைவிட மேல். இப்போது விளிம்பில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எலக்ட்ரானிக்ஸ் பலகையில் எந்தக் குறையும் இல்லை.

கம்பி உருளைக்குள் நுழையும் இடத்தில் முதலில் துருத்தி போல மடிப்புள்ள ரப்பர் உறை, பெல்லோஸ், வைத்திருந்தேன். ஒழுகாது என்பது உண்மை. ஆனால் 12 மி.மீ. விட்டமுள்ள பெல்லோஸை ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 1.1 நியூட்டன் விசையோடு உள்ளே தள்ளுகிறது. சுக்கான் மீது ஓடும் தண்ணீர் தரும் விசைக்கு ஏறக்குறைய சமம். படகு சும்மா நின்றாலும் அது இருந்துகொண்டே இருக்கும். 2 மி.மீ. கம்பி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகப் போனால் அதே ஆழத்தில் 0.03 நியூட்டன்தான். ஓ-ரிங்குக்கு மாறினேன்.

ஷாஃப்ட்

ஷாஃப்ட் விஷயத்தில் பெரிய விபத்து இல்லை. 4 மி.மீ. எஃகுத் தண்டை இரு புஷ்களுக்கு நடுவே 40 சென்டிமீட்டர் தாங்கலின்றி விட்டால் நிமிடத்துக்கு 3,000 சுற்றை நெருங்கும்போது அது கயிறு போல விசிற ஆரம்பிக்கும். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த எல்லை நான்கு மடங்காகி 12,000-க்குப் போய்விடும். என் ஷாஃப்ட் 19 சென்டிமீட்டர், கியருக்குப் பின் அதிகபட்சம் 3,000 சுற்று. கவலையில்லை. கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்து நேரானதைத் தேர்ந்தெடுத்தேன்.

குழாயைக் கூம்பில் ஒட்டும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. மோட்டார் தண்டையும் ஷாஃப்டையும் இறுக்கமான ஒரு பித்தளைக் குழாய்த் துண்டால் நேருக்கு நேர் பூட்டிவிட்டு, அப்படியே எபாக்ஸியை இறுகவிட்டேன். மறுநாள் அந்தத் துண்டை எடுத்துவிட்டு உண்மையான யுனிவர்சல் இணைப்பைப் போட்டால், இணைப்புக்குத் திருத்த வேண்டிய கோணலே இல்லை. ப்ரொப்பல்லர் படகை முன்னே தள்ளும் விசையைப் பின்புஷ்ஷின் முகத்தில் ஒரு டெஃப்லான் வாஷர் தாங்குகிறது. முதலில் அது இல்லாமல் இணைப்பு வழியாக மோட்டாரின் பேரிங்கைப் போய் அழுத்திக்கொண்டிருந்தது.

உருளையின் பின்சுவரில் இருக்கும் சீல் ஒரு மணி நேரத்துக்கு மூன்று சொட்டு ஒழுகியது. சீலின் உதட்டைத் தண்ணீர்ப் பக்கம் பார்க்கத்தான் வைத்திருந்தேன், அதில் தவறில்லை. கழற்றிப் பார்த்தால் உதட்டில் முடி போல ஒரு வெட்டு. அறுத்த தண்டின் முனையில் இருந்த பிசிறு, செருகும்போதே கிழித்திருக்கிறது. இப்போது முனையை உருட்டித் தேய்த்து, சிலிகான் கிரீஸ் தடவி, சுற்றிக்கொண்டே செருகுகிறேன். செருகிய பின் உருளைக்குள் சிரிஞ்சால் 0.2 பார் அளவுக்குக் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கி, ஐந்து நிமிடம் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்கு அது சமம்.

இப்போதைய நிலை

மறுபடி பொருத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் இரண்டு லாடங்களும் கூம்பின் அகன்ற வாய் வழியாக உள்ளே, பிறகு அவற்றின் நடுவே ஷாஃப்ட் குழாய், கடைசியில் வெளியிலிருந்து தண்டுகள். குழாயை முதலில் ஒட்டிவிட்டால் லாடம் உள்ளே போகவே போகாது. இதையும் ஒரு முறை செய்துதான் கற்றுக்கொண்டேன். எபாக்ஸி இறுகுவதற்குள் உருவிவிட்டேன்.

ஏறத்தாழ 12 மணி நேரம் ஓடிய பிறகு அளந்ததில் பின்புஷ் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அடியில் மட்டும் தேய்ந்திருப்பதால் ப்ரொப்பல்லரின் எடையாக இருக்க வேண்டும். அடுத்த புஷ்ஷை இன்னும் 4 மி.மீ. நீளமாகக் கடையக் கொடுத்திருக்கிறேன். எஃகு கிரப் ஸ்க்ரூக்கள் இரண்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டதால் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றியாயிற்று. அவற்றை எட்டுவதற்காகக் கூம்பின் பக்கத்தில் 2.5 மி.மீ. துளைகள் நான்கு உண்டு. கருப்புச் சாயம் கலந்த மெழுகை வைத்து அடைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை தோண்டி எடுத்தாயிற்று.